வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறீர்களா? பொறுப்பெடுத்துப் பழக டெல்டா மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"தலைமைப் பண்பு" என்றதும் மேடை, மைக், கோட்டு போட்ட ஒரு பேச்சாளர் என்றுதான் நம் பிள்ளைகளுக்கு நினைப்பு ஓடுகிறது. கல்லூரியில் அதற்கென்று நடத்தும் வகுப்பும் அப்படித்தான் இருக்கும்: ஒருவர் பேசுவார், நாம் கை தட்டுவோம், சான்றிதழ் கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டெல்டாவில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் படித்தேன். யாரிடம் எதைக் கேட்பது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லாமல் அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டது இதுதான்: ஒரு வேலையைக் கையில் எடுத்து, அனுமதி வாங்கி, ஆள் சேர்த்து, காசுக்குக் கணக்குக் காட்டி முடிக்கத் தெரிந்தால் போதும். மேடையில் பேசுவதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸை அடுக்கிக் கொடுப்பது நீங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல்லைத் தள்ளிவைத்தால், "இன்னொரு தடவை மெஷின்ல வச்சுப் பாருங்க சார்" என்று கேட்பதும் நீங்கள். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் உங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள். அதையே கல்லூரிக்குள் செய்யும் வழிதான் கீழே இருக்கிறது.

1. சேர்ந்த முதல் மாதமே காகிதங்களைச் சரிபண்ணுங்கள்

எந்த அமைப்பில் சேர்ந்தாலும், எந்த முகாமுக்குப் போனாலும், எந்த உதவித்தொகை வந்தாலும் கேட்பது ஒரே கட்டுக் காகிதம்தான். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவற்றைப் போட்டு வையுங்கள்:

- பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல்
- மாற்றுச் சான்றிதழின் நகல்
- ஆதார், குடும்ப அட்டை
- சாதி, வருமானச் சான்றிதழ்கள்
- உங்கள் பெயரில் தனியாக உள்ள வங்கிக் கணக்கின் பாஸ்புக் முதல் பக்கம்
- பாஸ்போர்ட் அளவுப் படம் எட்டு
- ரத்த வகை எழுதிய சீட்டு

எல்லாவற்றிலும் ஜெராக்ஸ் இரண்டு. மொத்தமாக நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இங்கே காத்திருக்கும் பெரிய தொல்லை இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் "கவிதா மு", ஆதாரில் வெறும் "கவிதா", பாஸ்புக்கில் "கவிதா முருகேசன்" என்று இருந்தால் மூன்று பேர் மாதிரி ஆகிவிடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் நின்றுபோவதற்கும் பல நேரம் இதுதான் காரணம். அந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் வங்கியில் கேளுங்கள். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது பெரும்பாடு. அதனால் மற்ற இரண்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மையக் கட்டணம் 60 ரூபாய். கல்விக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் பொறியியல் போன்ற தொழிற்கல்விக்குப் போகிறவர்களுக்கு. பி.ஏ., பி.எஸ்.சி. படிப்பவர்கள் இதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் சான்றிதழே கிடைக்காது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாகப் பார்த்து மேலே போகும் விண்ணப்பம் இது. கலந்தாய்வு நெருங்கும்போது போய் நிற்காமல், பன்னிரண்டாவது தேர்வு முடிந்த கையோடு போட்டுவிடுங்கள்.

2. வீட்டில் முதலில் பேசுங்கள், கல்லூரியில் அப்புறம்

இதை எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித்தராது. ஆனால் பாதிப் பேர், அதிலும் பெண் பிள்ளைகள், நின்றுபோவது இங்கேதான். "எங்க போற, யாரோட போற, எத்தனை மணிக்குத் திரும்புவ?" அம்மா கேட்கும் இந்த மூன்றுக்கும் பதில் கைவசம் இல்லாமல் பேச்சை எடுக்காதீர்கள்.

நான் சொல்லும் வழி: ஒரு தாளில் தேதி, இடம், கூட வரும் ஆசிரியரின் பெயர், அவர் கைபேசி எண், திரும்பும் பஸ் நேரம் எல்லாம் எழுதி வீட்டில் கொடுங்கள். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தாள் வீட்டில் இருப்பதே ஒரு தைரியம். முடிந்தால் வருடத் தொடக்கத்தில் ஒருநாள் அம்மாவைக் கல்லூரிக்கு அழைத்துப் போய்ப் பொறுப்பு ஆசிரியரிடம் அறிமுகப்படுத்திவிடுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அதனால் செலவும் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர் என்றால் வேலை இல்லாத நாளாகப் பாருங்கள், கூலி போய்விடும். ஆசிரியர் ஒருமுறை "உங்க பொண்ணு நல்லாப் பண்ணுதும்மா" என்று நேரில் சொல்லிவிட்டால் அடுத்த இரண்டு வருடத்துக்கு அது தாங்கும்.

கடைசி பஸ்ஸைத் தவறவிட வைக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் "முடியாது சார், நாலரை மணிக்கு முடிங்க" என்று சொல்லப் பழகுங்கள். விடுதி மாணவர்களை வைத்து நேரம் குறிப்பது பல கல்லூரிகளில் வழக்கம். நீங்கள் வாய் திறந்தால் உங்கள் ஊர்ப்பக்கப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து தப்பிப்பார்கள்.

3. ஒரே ஓர் அமைப்பில் சேருங்கள்

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), என்.சி.சி. (தேசிய மாணவர் படை), இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம், துறை மன்றம் என்று வரிசையாக அறிவிப்பு வரும். எல்லாவற்றிலும் பெயர் கொடுத்தால் எதிலும் இருக்க மாட்டீர்கள்.

காக்கிச் சட்டை, ராணுவம், போலீஸ் வேலை மனதில் இருந்தால் என்.சி.சி. ஆனால் முதல் வருடத் தொடக்கத்திலேயே சேர வேண்டும். 'பி' சான்றிதழ் தேர்வு இரண்டாம் ஆண்டிலும் 'சி' சான்றிதழ் தேர்வு மூன்றாம் ஆண்டிலும் வரும். இரண்டாம் ஆண்டில் போய்க் கேட்டால் 'சி'க்குக் காலம் போதாது. உரிய தகுதியோடு 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ராணுவ அதிகாரிக்கான சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேர்முகத்துக்குப் போகலாம் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. ஆள் தேர்வு ஒரே நாளில் நடந்து முடிந்துவிடும். அறிவிப்புப் பலகையைத் தினமும் பாருங்கள்.

வேறு யாராக இருந்தாலும் என்.எஸ்.எஸ். என்றுதான் சொல்வேன். வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. இது மூன்றும் இருந்தால்தான் சான்றிதழ். உங்கள் மணிநேரத்தை நீங்களே ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை திட்ட அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள். வருடக் கடைசியில் "உன் பேர் லிஸ்ட்டில் இல்லையே" என்றால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

முகாமில் எந்தப் பொறுப்பைக் கேட்பது? எல்லாரும் மேடை நிகழ்ச்சிக் குழுவுக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் சாப்பாட்டுக் குழுவைக் கேளுங்கள். ஊராட்சிப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஐம்பது பேருக்கு மூன்று வேளை. அரிசி எவ்வளவு ஊறப்போடுவது, காய் எந்தச் சந்தையில், கேஸ் தீர்ந்தால் யாருக்கு போன், சமையல் அக்கா ஒருநாள் வரவில்லையென்றால் என்ன செய்வது, இன்றைக்கு வாங்கிய பில் எங்கே? இரண்டாம் நாள் இரவு சாம்பார் கடைசிப் பந்திக்குப் பத்தாமல் போகும். ரசத்தை முன்னால் அனுப்பி, அப்பளம் பொரித்து, அதற்குள் இன்னொரு அடுப்பில் பருப்பை வேகவைத்து, பந்தியில் இருப்பவர்களுக்குத் தெரியாமலே சமாளிப்பீர்கள். வேலையைப் பிரித்துக் கொடுப்பதும், கோபப்படாமல் ஆளை நகர்த்துவதும் அங்கேதான் வரும்.

இன்னொன்று. கல்லூரி வாசலில் "ஆளுமை மேம்பாடு, மூன்று நாள், சான்றிதழ் உண்டு" என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்டு வருவார்கள். வேண்டாம். நான் முதல்வன் திட்டத்தில் அரசே காசில்லாமல் திறன் பயிற்சி தருகிறது. அதேபோல், பேசத் தெரிந்த பையனைத் தேடி ஊர்க் கட்சிக்காரர்களும் சாதிச் சங்கத்துக்காரர்களும் வருவார்கள். ஃபிளக்ஸில் உங்கள் முகம் வரும், பக்கத்து ஊர் நண்பன் பேச மாட்டான். அரசியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வருடத்தில் வேண்டாம்.

4. கடிதம் எழுதத் தெரிந்தவன் கையில்தான் நிகழ்ச்சி

கல்லூரியில் எது நடக்க வேண்டுமென்றாலும் ஒரு பக்கக் கடிதம் வேண்டும். நாம் வாயால் கேட்டுவிட்டு, "பார்க்கலாம்" என்ற பதிலோடு வந்துவிடுகிறோம். கடிதம் இப்படி இருக்கட்டும்:

அனுப்புநர்: பெயர், வகுப்பு, சுழற்சி, பதிவெண்
பெறுநர்: முதல்வர் அவர்கள்
வழி: துறைத் தலைவர் அவர்கள்
பொருள்: ரத்ததான முகாம் நடத்த அரங்கு அனுமதி வேண்டி

உள்ளே நான்கு வரி போதும். எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. எத்தனை பேர். என்ன தேவை: அரங்கு, மைக், நாற்காலி. கடைசி வரியாக, உண்மையென்றால் மட்டும், "கல்லூரி நிதி தேவையில்லை" என்று எழுதுங்கள். கையெழுத்து விழும் வேகமே வேறு.

இரண்டு நகல். முதலில் துறைத் தலைவர், அப்புறம் திட்ட அலுவலர், அப்புறம் முதல்வர், கடைசியில் அலுவலக முத்திரை. இந்த வரிசையை மாற்றினால் மறுபடி முதலிலிருந்துதான். உங்கள் நகலில் பெற்றுக்கொண்டவர் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். குறைந்தது பத்து நாள் முன்னால் கொடுங்கள். முதல்வர் பல்கலைக்கழகக் கூட்டத்துக்குப் போய்விட்டால் மூன்று நாள் அப்படியே கிடக்கும். கல்லூரிக்கு வெளியே ஒலிபெருக்கி வைப்பதென்றால் காவல் நிலையத்துக்கும் தனியாக ஒரு கடிதம்.

முதல் நிகழ்ச்சியாக ரத்ததான முகாமையே சிபாரிசு செய்கிறேன். மருத்துவர், கட்டில், பை எல்லாம் அரசு ரத்த வங்கியே கொண்டுவரும். நீங்கள் இடத்தையும் ஆளையும் ஏற்பாடு செய்தால் போதும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். இந்தக் கடைசிக் கணக்கில் நிறையப் பேரைத் திருப்பி அனுப்புவார்கள், பெண் பிள்ளைகள் அதிகம். நாற்பது பேர் வேண்டுமென்றால் எழுபது பெயர் எழுதுங்கள். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள் பெரும்பாலும் சாப்பிடாமல் வருவார்கள். வெறும் வயிற்றில் யாரையும் படுக்கவிடாதீர்கள், மயக்கம் போட்டுவிடும்.

5. காசு விஷயம்

சிறிய தொகையில்தான் பெரிய பெயர் கெடும். மேலே சொன்ன முகாமுக்கே ஒரு மாதிரிக் கணக்கு. விலையை உங்கள் ஊர்க் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்:

- இட்லிப் பொட்டலம் 40 × 30 ரூபாய் = 1,200
- டீ 60 × 12 ரூபாய் = 720
- ஃபிளக்ஸ் ஒன்று = 400
- ஜெராக்ஸ், பேனா = 80
- எதிர்பாராச் செலவு, பத்தில் ஒரு பங்கு = 240

ஆக 2,640 ரூபாய். 66 பேர் கொடுத்தால் தலைக்கு 40. கொடுக்க முடியாதவர்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் பெயரைப் பலகையில் எழுதி மானத்தை வாங்காதீர்கள். காசுக்குப் பதில் வேலை கொடுங்கள்; நாற்காலி தூக்க, பதிவேடு எழுத ஆள் வேண்டும்தானே. பொன்னாடை பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். யாராவது கேட்டால் கடிதத்தின் கடைசி வரியைக் காட்டுங்கள்.

ஜி-பே வசதிதான். ஆனால் உங்கள் உதவித்தொகை வரும் கணக்கிலேயே வசூல் பணமும் விழுந்தால், வாரக் கடைசியில் எது யாருடையது என்று தெரியாது. வசூலிப்பவர் ஒருவர், செலவு செய்பவர் இன்னொருவர் என்று பிரித்துவிடுங்கள். நோட்டில் இருவர் கையெழுத்து. நிகழ்ச்சி முடிந்த மூன்று நாளுக்குள் வரவு செலவை பில்லோடு படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். மீதி ஏழு ரூபாய் என்றாலும் ஏழு என்றே எழுதுங்கள். அதன்பின் நீங்கள் கேட்டால் யாரும் யோசிக்காமல் கொடுப்பார்கள்.

6. பேச்சை நன்றியுரையில் தொடங்குங்கள்

வரவேற்புரைக்கும் தொகுப்புரைக்கும் போட்டி இருக்கும். நன்றியுரைக்கு யாரும் வர மாட்டார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். பெயர்ப் பட்டியல் கையில் இருக்கும், இரண்டு நிமிடம், எல்லாரும் கிளம்பும் அவசரத்தில் இருப்பதால் தடுமாறினாலும் யாரும் கவனிக்கப்போவதில்லை. மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். ஆங்கிலம் வரவில்லையே என்று ஒதுங்க வேண்டாம். நம் கல்லூரிகளில் தமிழில் தெளிவாகப் பேசுகிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

கொஞ்சம் பழகியதும், தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்ட அளவில் நடத்தும் பேச்சுப் போட்டிகளுக்குப் போங்கள். கல்லூரிப் பிரிவில் முதல் பரிசு 5,000 ரூபாய். முதல்வரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நான்காம் பகுதியில் சொன்ன கடிதப் பழக்கம் இங்கேயும் உதவும்.

7. ஊருக்குள் ஒரு வேலை

கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். 18 முடிந்ததும் படிவம் 6 கொடுத்துப் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

முதல் தடவை உட்கார்ந்து கேளுங்கள், போதும். அடுத்த தடவை எழுத்தில் ஒரு கோரிக்கை. பெரிதாக எதையும் எடுக்காதீர்கள். "மாலை கல்லூரி விட்டதும் எங்கள் தடத்தில் பஸ் இல்லை" என்பது நல்ல கோரிக்கை. எந்த நிறுத்தத்தில் எத்தனை மாணவர்கள் ஏறுகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணி, தடம் எண்ணோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதைத் தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லுங்கள். ஊர் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். பெரும்பாலும் குறைவது இதுதான். உங்கள் தெருவிலிருந்து பத்துப் பெண்களை அழைத்துப் போனால் அதுவே பெரிய உதவி. கையெழுத்துப் போடும் முன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள்.

தீர்மான நகலோடு மனுவை அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கொடுங்கள். இன்னொரு நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, பதிவு எண் வாங்குங்கள். ஒரு மாதம் பார்த்தும் அசைவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "என் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன" என்று மட்டும் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கிளை மேலாளரிடம் சத்தம் போட வேண்டாம். பஸ்ஸும் ஆளும் எத்தனை இருக்கிறது என்பது அவர் கையில் இல்லை.

8. தேதி குறிக்கும் முன் வயலைப் பாருங்கள்

ஜூன் 12 மேட்டூர் திறப்பை வைத்து வீட்டில் கணக்குப் போடுவது போலவே நீங்களும் போடுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. காலையில் விடுமுறை அறிவிப்பு வந்துவிடும், போட்ட பந்தல் வீண். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு. பொங்கலையொட்டிச் சம்பா அறுவடை, அதைத் தொடர்ந்து கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல்; ஜனவரி கடைசியில் முகாம் போட்டால் விவசாய வீட்டுப் பிள்ளைகள் வர முடியாது. மிஞ்சுவது இரண்டு இடைவெளி: ஆகஸ்ட் முதல் அக்டோபர் முதல் வாரம் வரை, பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் வரை. திட்ட அலுவலர் வேறு ஊர்க்காரராக இருந்தால் இது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஜூலையிலேயே போய்ச் சொல்லுங்கள்.

9. மூன்றாம் ஆண்டில் ஃபைலை ஒப்படையுங்கள்

மார்ச் மாதத்துக்குள், படிப்பு விடுமுறை தொடங்கும் முன், உங்கள் கடித நகல்கள், கணக்கு நோட்டு, மனு ரசீதுகள் எல்லாவற்றையும் இரண்டாம் ஆண்டில் ஒருவரிடம் கொடுங்கள். ஒருவர் நின்றுவிட்டாலும் தொடரும்படி இரண்டு பேராக இருந்தால் இன்னும் நல்லது. சமையல் அக்கா, ஃபிளக்ஸ் கடை, ரத்த வங்கி அலுவலகம், மைக் செட்காரர் ஆகியோரின் எண்களை முதல் பக்கத்தில் எழுதுங்கள். எந்த அலுவலகத்தில் எந்த நேரத்தில் போனால் ஆள் இருப்பார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சாப்பாட்டு இடைவேளைக்குப் போய் நிற்கும் வேலை அவர்களுக்காவது மிச்சம்.